பம்பர் மாற்றும்போது மோதல் பாதுகாப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரின் பம்பரை மாற்ற நினைப்பவர்களிடமிருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பதில் தெரியாமல் பொருத்திவிட்டால் பாதிக்கப்படுவது வண்டி மட்டுமல்ல, உள்ளே இருப்பவர்களும் எதிரே நடந்து வருபவர்களும்தான். அதனால் அந்தக் கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பம்பர் என்பது வெறும் பிளாஸ்டிக்தானே? மாற்றினால் என்ன ஆகிவிடும்?

வெளியே தெரியும் வண்ணம் பூசிய பிளாஸ்டிக், உறை மட்டும்தான். மோதலை வாங்கும் பாகங்கள் அதற்குப் பின்னால் இருக்கின்றன. உறையைக் கழற்றினால் பெரும்பாலான கார்களில் முதலில் கண்ணில் படுவது ஒரு நீளமான நுரைக் கட்டை. கட்டை விரலால் அழுத்தினால் சற்று அமுங்கித் திரும்பும். அதன் பின்னால் காரின் குறுக்கே ஓடும் உலோகப் பீம், உயர்வலிமை எஃகிலோ அலுமினியத்திலோ செய்தது. அந்தப் பீமின் இரு முனைகளையும் வண்டியின் உடலோடு இணைப்பவை இரண்டு குட்டையான பெட்டிகள். பட்டறைகளில் இவற்றை க்ரஷ் பாக்ஸ் என்பார்கள். பெட்டியின் பக்கவாட்டில் சிறு பள்ளங்களோ மடிப்புகளோ இருக்கும். அவை அடிபட்டதால் வந்தவை அல்ல. மோதும்போது உலோகம் எங்கே மடங்கத் தொடங்க வேண்டும் என்று தீர்மானித்துத் தொழிற்சாலையிலேயே போட்டவை.

பெட்டிகளுக்குப் பின்னால் முன்பக்க நீள்சட்டங்கள் இரண்டும் என்ஜின் இருக்கும் பகுதியின் இருபுறமும் பின்னோக்கிச் செல்கின்றன. நுரை, பீம், பெட்டி, நீள்சட்டம் என்ற வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கும்படி கார் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. பம்பர் மாற்றுபவர் காப்பாற்ற வேண்டியது இந்த வரிசையைத்தான்.

கனமான இரும்பு பம்பர் போட்டால் வண்டி இன்னும் உறுதியாகத்தானே ஆகும்?

வண்டியின் முகப்பு உறுதியாகும். ஆனால் உள்ளே இருப்பவருக்கு அது பாதுகாப்பு ஆகிவிடாது. மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதும் காரை எடுத்துக்கொள்வோம். பல நாடுகளின் முன்மோதல் சோதனைகளில் இடம்பெறும் வேகம் இது. முன்பகுதி 60 சென்டிமீட்டர் நசுங்கி கார் நின்றால், உள்ளே இருப்பவர் உணரும் சராசரி வேகக்குறைப்பு புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறத்தாழ 21 மடங்கு. நசுங்கும் தூரம் 45 சென்டிமீட்டராகக் குறைந்தால் அதுவே 27 மடங்குக்கு மேல் போய்விடுகிறது. வேகம் அதேதான். குறைந்தது 15 சென்டிமீட்டர் தூரம் மட்டும்தான். க்ரஷ் பாக்ஸை எடுத்துவிட்டு, மடங்காத இரும்பை நேரடியாக நீள்சட்டத்தில் பிணைத்தால் நீங்கள் விட்டுக்கொடுப்பது இந்தத் தூரத்தைத்தான்.

முன்பின் பகுதிகள் நசுங்கட்டும், நடுவே பயணிகள் இருக்கும் கூடு மட்டும் குலையாமல் இருக்கட்டும் என்ற கருத்துக்கு மெர்சிடிஸ் பென்ஸ் பொறியாளர் பேலா பரென்யி 1951இல் காப்புரிமை கோரினார். 1959இல் வந்த டபிள்யூ 111 கார் அந்தக் கருத்தின்படி உருவானது. அதற்குப் பிறகு வந்த பாதுகாப்பு முன்னேற்றங்கள் பலவும் இந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன.

சின்ன இடிக்கே இப்போதைய பம்பர் உடைந்துவிடுகிறதே. பழைய கார்களில் இப்படி இல்லையே?

பழைய கார்களில் பம்பர் அசையாமல் நின்றது, அடி உள்ளே இருந்தவர்களுக்குப் போனது. அதே சமயம் இந்தக் குறையில் ஒரு நியாயமும் இருக்கிறது. அமெரிக்காவில் 1970களில் கொண்டுவரப்பட்ட விதி, மணிக்கு 8 கிலோமீட்டர் வேக இடியைப் பயணிகள் காரின் பம்பர் சேதமின்றித் தாங்க வேண்டும் என்றது. 1982இல் அதை 4 கிலோமீட்டராகக் குறைத்துவிட்டார்கள். எனவே வாகன நிறுத்தத்தில் படும் லேசான இடியிலேயே உறை கீறுவதும் பிளவுபடுவதும் இன்றைய கார்களில் சாதாரணம்.

ஆனால் உறை உடைவது வேறு, பெட்டி நசுங்குவது வேறு. காப்பீட்டுத் துறையின் ஆய்வு மையங்கள் சேர்ந்து நடத்தும் ஆர்கார் அமைப்பின் ஒரு சோதனையில், 10 பாகை சாய்ந்த தடுப்பின்மீது காரின் அகலத்தில் 40 சதவீதம் மட்டும் படும்படி மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிடுகிறார்கள். 1,500 கிலோ எடையுள்ள கார் அந்த வேகத்தில் சுமக்கும் ஆற்றல் சுமார் 13 கிலோஜூல். இதைப் பீமும் பெட்டியும் வாங்கிக்கொண்டு நீள்சட்டத்தைக் காப்பாற்றினால், போல்ட்டைக் கழற்றிப் புதிய பெட்டி மாட்டுவதோடு வேலை முடியும். அதே கார் 56 கிலோமீட்டர் வேகத்தில் சுமப்பது 180 கிலோஜூலுக்கு மேல். அப்போது முழு வரிசையும் வேலை செய்தாக வேண்டும்.

எனக்குத் தோற்றம் மாறினால் போதும். எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது?

உறையையும் கிரில்லையும் மாற்றுங்கள். நுரை, பீம், பெட்டிகள் மூன்றும் தொழிற்சாலையில் இருந்தபடியே இருக்கட்டும். என்னைக் கேட்டால், சாலையில் மட்டும் ஓடும் காருக்கு இதைத் தாண்டிப் போக ஒரு காரணமும் இல்லை.

புதிய உறை பழைய நுரையின்மீது சரியாக உட்காருகிறதா என்று பொருத்துவதற்கு முன்பே வைத்துப் பார்க்க வேண்டும். உட்காரவில்லை என்றால் நுரையை அரத்தால் சீவியோ, பீமின் விளிம்பை வெட்டியோ இடம் பண்ணுவது சில இடங்களில் வழக்கமாகவே இருக்கிறது. அப்படிச் செய்துதான் பொருந்தும் என்றால் அந்த உறை உங்கள் காருக்கானது அல்ல. திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று: பல கார்களில் பம்பரின் அடியில் தரையை ஒட்டி ஒரு மெல்லிய குறுக்குத் தகடு இருக்கும். மேடு பள்ளத்தில் உரசுகிறது என்று அதைக் கழற்றிவிடுகிறார்கள். நடந்து செல்பவர்மீது கார் மோதினால் அவருடைய கால் வண்டிக்கு அடியில் மடங்கிப் போகாமல் தாங்குவது பெரும்பாலும் அந்தத் தகடுதான்.

ஃபைபர் பம்பர் அழகாக இருக்கிறது. அது போடலாமா?

உறையாக மட்டும் என்றால் போடலாம், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். தொழிற்சாலை உறை பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் கலவை. அது வளைந்து கொடுக்கும், பிளந்தாலும் துண்டாகச் சிதறுவது குறைவு. ஃபைபர் என்று விற்கப்படும் கண்ணாடி இழை உறை வளையாமல் உடைகிறது, உடைந்த இடம் கூர்மையாக நிற்கிறது. உறையின் உட்பக்கத்தில் எந்தப் பொருளால் ஆனது என்ற குறியீடு அச்சில் வார்க்கப்பட்டிருக்கும். தரமான தயாரிப்பில் அது இல்லாமல் இருப்பது அபூர்வம். அதைத் தேடிப் பாருங்கள்.

பம்பர் மாற்றினால் ஏர்பேக் ஒழுங்காக விரியுமா?

நான்காவது கேள்வியில் சொன்னபடி உறையை மட்டும் மாற்றினால் கவலைப்பட வேண்டியதில்லை. பீமையும் பெட்டியையும் மாற்றினால் கவலைப்பட்டே ஆக வேண்டும். ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுக் கருவி காரின் நடுப்பகுதியில் தரையோடு பொருத்தப்பட்டிருக்கிறது. அதற்குத் துணையாக முன்பக்கத்தில், ரேடியேட்டர் தாங்கியிலோ நீள்சட்டத்தின் முனைக்கு அருகிலோ, அதிர்ச்சியை அளக்கும் சென்சார்கள் இருக்கின்றன. மோதல் தொடங்கிய சில பத்து மில்லி விநாடிகளுக்குள் விரிக்க வேண்டுமா, வேண்டாமா என்று கருவி முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு, அந்த மாடல் கார் நசுங்கும்போது வேகம் எந்த வடிவத்தில் குறைகிறது என்பதைப் பல மோதல் சோதனைகளில் பதிவுசெய்து, அதற்கு ஏற்ப எழுதிய கணக்கு.

முகப்பு விறைப்பாகிவிட்டால் சிறிய இடியின் அதிர்ச்சிகூடப் பெரிதாக வந்து சேரலாம், தேவையற்ற நேரத்தில் ஏர்பேக் விரியலாம். சரியாக இணைக்கப்படாத பம்பர் முதலில் தளர்ந்து வளைந்தாலோ இதற்கு நேர்மாறானது நடக்கும்: முடிவு தாமதமாகும். அதுதான் அதிக ஆபத்து. அதற்குள் உடல் முன்னோக்கி நகர்ந்திருக்கும், பை விரிகிற வேகத்திலேயே முகத்தில் அறையும். சென்சாரைப் பிடித்திருக்கும் தகட்டை வளைத்தாலோ, வேறு இடத்தில் மாட்டினாலோ, தலைகீழாகத் திருப்பினாலோ கணக்கு முழுவதும் பிசகும். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பது மின்னிணைப்பு சரியாக இருக்கிறது என்பதற்குத்தான் சான்று. ஏர்பேக் விரியும் நேரம் சரியாக இருக்கிறது என்பதற்கு அல்ல.

பம்பர் வந்த அட்டைப்பெட்டியில் 'ஏர்பேக்குக்கு ஏற்றது' என்று அச்சிட்டிருக்கிறதே, நம்பலாமா?

அந்த வாசகம் மட்டும் போதாது. தயாரிப்பாளரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். எந்த மாடல், எந்த ஆண்டு, எந்த ரகக் காரில் வைத்துச் சோதித்தார்கள்? முழுக் காரை மோதவிட்டுச் சோதித்தார்களா, கணினியில் மட்டும் கணக்கிட்டார்களா, அல்லது சென்சாரை மறைக்கவில்லை என்ற பொருளில் மட்டும் சொல்கிறார்களா? தொழிற்சாலை பம்பரோடு ஒப்பிட்ட வேகக்குறைப்பு வரைபடம் இருக்கிறதா?

உண்மையில் சோதித்தவர்கள் இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவில் முன்பக்கப் பாதுகாப்புச் சட்டகங்களுக்கென்றே 2002இல் ஏஎஸ் 4876 என்ற தரநிலை வந்தது. அதுபோன்ற ஒரு தரநிலையின் பெயரையும் அறிக்கையையும் காட்டுகிற தயாரிப்புக்கும், வெறும் ஒட்டுச்சீட்டு மட்டும் உள்ள தயாரிப்புக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. உங்கள் காரின் அடுத்த தலைமுறை மாடலில் சோதித்தது உங்கள் காருக்குப் பொருந்தாது. வெளித்தோற்றம் ஒன்றாகவே இருந்தாலும் உள்ளே நீள்சட்டம் மாறியிருக்கக் கூடும்.

நுரைக்குள் மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று ஓடுகிறது. அதை எடுத்துவிடலாமா?

கூடாது. சில கார்களில் நடந்து செல்பவர்மீது மோதினால் பானட்டின் பின்பகுதி சில சென்டிமீட்டர் மேலே எழும்பும். அடியிலுள்ள கடினமான என்ஜினில் தலை மோதாமல் இடைவெளி தருவதற்காக அந்த ஏற்பாடு. மோதியது மனிதக் காலா, வேறு பொருளா என்று அறிய அந்தக் குழாயினுள் இருக்கும் காற்றின் அழுத்த மாற்றத்தைத்தான் சென்சார்கள் அளக்கின்றன. குழாயை நுரையில் இருந்த பள்ளத்திலேயே, திருகாமல், மடங்காமல் திரும்ப வைக்க வேண்டும். நுரையை மாற்றினால் குழாய்க்கான பள்ளம் அதே இடத்தில் உள்ள நுரையாகத்தான் இருக்க வேண்டும்.

ரேடார், பார்க்கிங் சென்சார் எல்லாம் இருக்கிற காரில் என்ன செய்வது?

தானியங்கி பிரேக்குக்கான முன்பக்க ரேடார் பெரும்பாலும் 76 முதல் 77 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. பல கார்களில் அது கிரில்லின் சின்னத்துக்கோ உறையின் கீழ்ப்பகுதிக்கோ பின்னால் இருக்கிறது. அதன் முன்னால் உலோகக் குழாயோ, எண் பலகையோ, விளக்குத் தாங்கியோ வந்தால் கண்ணைக் கட்டியது போல ஆகிவிடும். பிளாஸ்டிக் ஊடாக அலை போகும் என்றாலும் உறையின் தடிமனும் வண்ணப் பூச்சில் உள்ள உலோகத் துகளும் அதை மாற்றும். உடைந்த இடத்தைப் புட்டி மாவு பூசி நிரப்பி மேலே இரண்டு மூன்று பூச்சு அடிப்பது ரேடாருக்கு முன்னால் செய்யவே கூடாத வேலை. பின்பக்க மூலைகளிலும் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாத பகுதியைக் கவனிக்கும் ரேடார்கள் இருக்கலாம்.

பம்பரைக் கழற்றி மாட்டினாலே பல கார்களில் ரேடாரை மறுபடி அளவுதிருத்தம் செய்ய வேண்டும். ஒரு பாகை விலகல்கூட 100 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 1.75 மீட்டர் தள்ளிப் பார்க்கச் செய்யும். அது பக்கத்துத் தடத்தில் போகும் வண்டியை உங்கள் முன்னால் நிற்பதாக எண்ணவைக்கப் போதுமான விலகல். பார்க்கிங் சென்சாரைப் பொறுத்தவரை, புதிய உறையில் துளை அதே உயரத்திலும் அதே சாய்விலும் இருந்தால் போதும்.

பொருந்தவில்லை என்றால் துளை போட்டோ வெல்டிங் வைத்தோ சரிசெய்யலாம் என்கிறார்களே?

நீள்சட்டத்தில் வேண்டாம், க்ரஷ் பாக்ஸில் வேண்டாம், பீமிலும் வேண்டாம். இந்தப் பாகங்களில் பயன்படும் உயர்வலிமை எஃகு வெப்பப் பதப்படுத்தலால் வலிமை பெற்றிருக்கலாம். வெல்டிங் சூடு பட்ட இடம் வலிமை இழக்கும், மோதும்போது அங்கேதான் முதலில் மடங்கும் அல்லது கிழியும். புதிதாகப் போட்ட துளையும் அப்படித்தான். முதல் பதிலில் சொன்ன மடிப்புகள் எங்கே மடங்க வேண்டும் என்று முடிவுசெய்தவை. நீங்கள் போடும் துளை அந்த முடிவை மாற்றிவிடுகிறது. எதிர்த்திசையிலும் தவறு நடக்கும்: மடிப்பு இருக்கும் இடத்தில் கெட்டியான தகடு வைத்து இறுக்கிவிட்டால் அது மடங்கவே மடங்காது.

தொழிற்சாலைத் துளைகளையே பயன்படுத்தும் பம்பரை மட்டும் வாங்குங்கள். போல்ட்டின் தலையில் அதன் வலிமைத் தரம் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும். கழற்றிய போல்ட்டில் என்ன எண் இருந்ததோ அதே எண்ணைப் போடுங்கள். கைப்பிடி வலுவை நம்பாமல், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், சேவைக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள்.

ஐம்பது கிலோ கூடினால் என்ன, ஓர் ஆள் ஏறியது போலத்தானே?

ஆள் உட்காருவது இரண்டு அச்சுக்கு நடுவில். பம்பர் இருப்பது முன்னச்சுக்கும் முன்னால். அச்சுகளுக்கு இடைவெளி 2.7 மீட்டர் என்றும், பம்பரின் எடை முன்னச்சுக்கு 0.8 மீட்டர் முன்னால் இருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், 50 கிலோ பம்பர் முன்னச்சின் மேல் சுமார் 65 கிலோவை ஏற்றி, பின்னச்சிலிருந்து 15 கிலோவை எடுத்துவிடுகிறது. முன்பக்கம் தாழும், முகப்பு விளக்கின் கோணம் மாறும், பிரேக் போடும்போது மூக்கு அதிகம் குனியும். முன்னச்சின் அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடை கார்க் கதவின் சட்டகத்திலோ பானட்டுக்கு அடியிலோ ஒரு தகட்டில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

குழாய் வைத்த முன்தடுப்பு, அதாவது புல் பார், போட்டால் என்ன பிரச்சினை?

ஆட்கள் நடக்கும் சாலையில் அதற்கு இடமே இல்லை என்பதுதான் என் உறுதியான கருத்து. ஐநா ஒழுங்குமுறை 127இன்படி காரின் முகப்பைச் சோதிக்கும்போது, மனிதக் கால் போன்ற ஒரு மாதிரியை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பம்பரில் எறிந்து, முழங்கால் எவ்வளவு வளைகிறது என்று அளக்கிறார்கள். உறையும் நுரையும் சேர்ந்து அந்த அடியை விரித்து வாங்குகின்றன. விறைப்பான குழாய் அதை ஒரே கோட்டில், எலும்பின்மீது இறக்குகிறது. குழந்தை என்றால் அந்தக் கோடு மார்பிலோ தலையிலோ படும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2005இலேயே இத்தகைய முன்தடுப்புகள் தனிச் சோதனையில் தேற வேண்டும் என்று விதித்தது. இந்தியாவில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில், இவை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை மீறுபவை என்று சொல்லி நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்கு எழுதியது. சட்டம் எப்படி இருந்தாலும், இந்தக் குழாய்கள் பெரும்பாலும் நீள்சட்டத்திலேயே பிணைக்கப்படுவதால் இரண்டாவது, ஆறாவது பதில்களில் சொன்ன அத்தனை சிக்கலும் சேர்ந்தே வருகின்றன.

நான் காட்டுப் பாதையில் ஓட்டுகிறேன். எனக்கு உண்மையிலேயே கனமான பம்பர் வேண்டும். வழியே இல்லையா?

இருக்கிறது. பெரிய விலங்குகள் குறுக்கே வரும் ஆளரவமற்ற பாதையில், ரேடியேட்டர் உடைந்து நடுவழியில் நிற்பதே உயிருக்கு ஆபத்தாகலாம். அந்தத் தேவையை நான் மறுக்க மாட்டேன். அப்படியென்றால் தனிச் சேசிஸ், அதாவது உடலுக்கு அடியில் தனியான சட்டகம், உள்ள வண்டிக்கு, நசுங்கும் தாங்கிகளோடு வடிவமைத்த, ஏழாவது பதிலில் கேட்ட அறிக்கைகள் உள்ள பம்பரைத் தேர்ந்தெடுங்கள். பம்பருக்கும் சேசிஸுக்கும் நடுவில் உள்ள தாங்கித் தகட்டில் மடிப்போ நீள்துளையோ இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். விளிம்புகள் கூர்மையாக இருக்கக் கூடாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகங்களின் முனை குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைந்திருக்க வேண்டும் என்று ஐநா ஒழுங்குமுறை 26 சொல்கிறது. பொருத்திய பிறகு காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

பின்பம்பரில் இந்த அளவு யோசிக்க வேண்டுமா?

யோசிக்க வேண்டும். பின்பக்கத்திலும் பீமும் பெட்டிகளும் இருக்கின்றன. அவற்றுக்கு அருகில் எரிபொருள் தொட்டியும் பின்னிருக்கையில் குழந்தைகளும் இருக்கிறார்கள். அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதி 301 பின்மோதலில் எரிபொருள் கசிவைச் சோதிப்பது மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில். பலர் கவனிக்காதது இழுவைக் கொக்கி. இழுக்க எதுவும் இல்லாதபோதும் அது பம்பரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால், பின்னால் வரும் வண்டி முதலில் தொடுவது அதைத்தான். அடி நுரையையும் பெட்டியையும் தாண்டி நேராகச் சட்டத்துக்குப் போகும். கழற்றக்கூடிய கொக்கியை வாங்கி, வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள்.

மின்சாரக் காருக்கும் இதே விதிதானா?

இதேதான், கூடுதலாக ஒன்று. ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவி மோதலை உணர்ந்ததும் உயர் மின்னழுத்த பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும்படி செய்தி அனுப்புகிறது. ஆறாவது பதிலில் சொன்ன தாமதம் இங்கே மின்துண்டிப்பையும் பாதிக்கலாம்.

லேசாக இடித்துவிட்டது. வெளியே கீறல்கூட இல்லை. அப்படியே விட்டுவிடலாமா?

உறை திரும்பப் பழைய வடிவத்துக்கு வந்துவிடும், உள்ளே இருப்பவை வராது. உறையைக் கழற்றி, நுரை வெடித்திருக்கிறதா, பீமின் நடுவில் குழி விழுந்திருக்கிறதா, இரண்டு பெட்டிகளின் நீளமும் ஒன்றாக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். நசுங்கிய பெட்டியைச் சுத்தியலால் தட்டி நீட்டச் சம்மதிக்காதீர்கள். ஒருமுறை மடங்கிய உலோகம் அடுத்த முறை அதே விசையில் மடங்காது. புதியதைப் போடுவதுதான் வழி.

பழைய கார் வாங்கப்போகிறேன். முன்பே பம்பர் மாற்றியிருக்கிறார்கள் போலிருக்கிறது. உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முன்னால் குனிந்து கிரில்லின் கீழ்த் திறப்பு வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். குறுக்கே ஓடும் பீம் தெரிய வேண்டும். அதன் முன்பக்கம் நுரை ஒட்டியிருக்க வேண்டும். உறையின் நடுவை உள்ளங்கையால் அழுத்தினால் ஓரிரு சென்டிமீட்டரில் எதிலாவது முட்டி நிற்க வேண்டும். வெகுதூரம் உள்ளே போனால் நுரை இல்லை என்று சந்தேகிக்கலாம். பானட்டைத் திறந்து, பீமைப் பிடிக்கும் போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள். வண்ணம் உரிந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். நான்கு போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தாலோ, வெல்டிங் தழும்பு தெரிந்தாலோ, பட்டறையில் உறையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் அதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறு வண்டி பாருங்கள்.